மின்வண்டியும் வெள்ளோட்டமும்

புதிதாகச் செய்த தேரைத் திருவிழா அன்றே வடம் பிடித்து இழுப்பதில்லை. முதலில் வெள்ளோட்டம் விடுவார்கள். சுவாமியை எழுந்தருளச் செய்யாமல் வெறுந்தேரை வீதிகளில் இழுத்துப் பார்ப்பார்கள். அச்சு சூடேறுகிறதா, சக்கரம் ஒரு பக்கமாக இழுக்கிறதா, திருப்பத்தில் தேர் சாய்கிறதா என்று தச்சரும் கொல்லரும் கூடவே நடந்து கவனிப்பார்கள். கண்ட குறைகளைச் சரி செய்த பின்னர்தான் தேரோட்டம்.

சர்க்கரை ஆலைகளிலும் இதைப் போன்ற ஒரு வழக்கம் உண்டு. அரவைப் பருவம் தொடங்குமுன் கொதிகலனுக்கு 'இளஞ்சூடு' ஏற்றுவார்கள். முழு வெப்பத்தையும் ஒரே நாளில் கொடுக்காமல் சிறுகச் சிறுக ஏற்றி, எங்கே கசிகிறது, எங்கே விரிசல் காண்கிறது என்று பார்த்துக்கொள்வார்கள். தென்பெண்ணைக் கரையிலுள்ள மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதால், இவ்வூராருக்கு இது தெரிந்த செய்தியே. கரும்பு ஏற்றிய வண்டிகள் வாசலில் வரிசை கட்டிய பிறகு கொதிகலனில் குறை கண்டால் இழப்பு ஆலைக்கு மட்டுமன்று. கரும்பு காய்ந்து எடை குறைந்து, உழவரின் வருமானமும் போகும்.

இந்தப் பழைய அறிவை மின்வண்டிகளின் வரலாற்றோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தென்பெண்ணையாறு கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, பெங்களூருக்குக் கிழக்கே ஓடி, ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம், சாத்தனூர் அணை என இறங்கி மூங்கில்துறைப்பட்டை அடைகிறது. இந்திய மின்வண்டித் தொழிலின் ஒரு பெரும் பகுதியும் ஏறக்குறைய இவ்வழியிலேயே வளர்ந்திருக்கிறது. பெங்களூர் – ஓசூர் சாலையிலுள்ள பொம்மசந்திராவில் 'ரேவா' என்னும் மின்கார் பிறந்தது. ஓசூரிலும், கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியிலும் மின்ஸ்கூட்டர்கள் உருவாகின்றன. ஆற்றைப் போலவே அந்த வண்டிகளும் இறங்கி நம் ஊர்ச் சாலைகளுக்கு வந்துவிட்டன. அவற்றுக்கு வெள்ளோட்டம் முறையாக நடந்ததா? நடக்காதபோது என்ன ஆயிற்று? வரலாறு கூறும் விடையைக் காண்போம்.

லண்டனின் தேன்சிட்டுகள்

மின்கார் நேற்று வந்த பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது பெட்ரோல் காருக்கு இளையதன்று. 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் லண்டன் நகரில் மின்சார வாடகை வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன. வால்டர் பெர்சி என்ற பொறியாளர் அவற்றை வடிவமைத்தார். குதிரை இல்லாமல், புகை இல்லாமல், மெல்லிய ரீங்காரத்தோடு சென்ற அவ்வண்டிகளை மக்கள் 'தேன்சிட்டுகள்' என்று செல்லமாக அழைத்தனர். 40 ஈய-அமிலச் சேமக்கலங்கள் ஒவ்வொரு வண்டிக்கும் ஆற்றலைத் தந்தன. ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ 50 கி.மீ. ஓடலாம். தீர்ந்துபோன மின்கல அடுக்கை, அதாவது பேட்டரியை, நிலையத்தில் நீர் அழுத்தத் தூக்கியின் உதவியால் இறக்கிவிட்டுப் புதியதைப் பொருத்தவும் ஏற்பாடு இருந்தது. மின்கல அடுக்கை மாற்றித் தரும் நிலையம் இன்றைய புதுமை என்று கருதுவோருக்கு இது வியப்பாக இருக்கலாம்.

முதல் சில மாதங்கள் எல்லாம் நன்றாகவே நடந்தன. அரை ஆண்டு கழிந்ததும் தொல்லைகள் தலைகாட்டின. கல் பாவிய சாலைகளின் ஓயாத அதிர்வில் மின்கலத் தகடுகள் பழுதாயின. மின்கல அடுக்கின் பெரும் எடையைத் தாங்க மாட்டாமல் ரப்பர் சக்கரப் பட்டைகள் விரைவில் தேய்ந்தன. பல்சக்கரங்கள் தேய்ந்ததால் இனிய ரீங்காரம் காதைத் துளைக்கும் இரைச்சலாக மாறியது. பழுதுபார்க்கும் செலவு வருமானத்தை விழுங்கியது. 1899ஆம் ஆண்டில் தேன்சிட்டுகள் லண்டன் தெருக்களிலிருந்து மறைந்துவிட்டன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மின்கலத்தின் தத்துவம் தவறானதன்று. மேசைமீது அசையாமல் இருக்கும் ஈய-அமில மின்கலம் அப்போதே நம்பகமான பொருள். ஆனால் அதைச் சாலையில் குலுக்கும்போது, ஈயச் சட்டத்தில் அப்பியிருக்கும் பசை போன்ற செயற்படு பொருள் துகள் துகளாக உதிர்ந்து கலத்தின் அடியில் படிகிறது. உதிர்ந்த அளவுக்கு மின்கொள்திறன் குறைகிறது. படிவு உயர்ந்து தகடுகளைத் தொட்டால் உள்ளுக்குள்ளேயே குறுக்குச்சுற்று ஏற்பட்டுக் கலம் பயனற்றதாகிறது. ஆய்வகத்தில் தெரியாத இக்குறை சாலையில்தான் வெளிப்பட்டது. அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு, பணம் கொடுத்து ஏறிய பயணிகளின் தலையில் விழுந்தது.

எடிசன் திரும்பப் பெற்ற மின்கலங்கள்

அதே காலத்தில் அமெரிக்காவில் தாமசு ஆல்வா எடிசன் ஈயத்துக்கு மாற்றுத் தேடிக்கொண்டிருந்தார். ஈயம் கனமானது, கந்தக அமிலம் அரிக்கக் கூடியது. இரண்டையும் விட்டுவிட்டு நிக்கலும் இரும்பும் காரக் கரைசலும் கொண்ட சேமக்கலத்தை அவர் அமைத்தார். வண்டிகளுக்கு ஏற்ற உறுதியான மின்கலம் இது என்று விளம்பரம் செய்யப்பட்டது. செய்தித்தாள்கள் புகழ்ந்தன. விற்பனையும் தொடங்கியது.

ஆனால் வாங்கியவர்களிடமிருந்து புகார்கள் வரலாயின. எஃகுக் கலத்தின் ஈயப்பற்று இணைப்புகளில் காரக் கரைசல் கசிந்தது. சில கலங்கள் சில மாதங்களிலேயே மின்கொள்திறனை இழந்தன. ஒரே தொழிற்சாலையில், ஒரே முறையில் செய்த கலங்களில் ஒன்று நன்றாகவும் மற்றொன்று மோசமாகவும் இருந்தது.

எடிசன் எடுத்த முடிவு நினைவிற்கொள்ளத் தக்கது. 1904ஆம் ஆண்டின் இறுதியில் உற்பத்தியையே நிறுத்தினார். பழுதான கலங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன்பின் ஏறத்தாழ 5 ஆண்டுகள் மீண்டும் சோதனைதான். ஈயப்பற்றுக்குப் பதிலாக உலோகத்தை உருக்கி இணைக்கும் முறை வந்தது. நேர்மின்வாயில் மின்சாரத்தைக் கடத்துவதற்காகக் கலந்திருந்த கிராபைட்டு நாளடைவில் பயனற்றுப் போவது தெரிந்தது. அதற்கு மாற்றாக, மிக மெல்லிய நிக்கல் சருகுகள் துளையிட்ட எஃகுக் குழாய்களில் அடைக்கப்பட்டன. கரைசலில் சிறிதளவு லித்தியம் ஹைட்ராக்சைடு சேர்க்கப்பட்டது. கலங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டும், கரடுமுரடான சாலைகளில் ஓட்டியும் சோதித்தனர். 1909ஆம் ஆண்டில் வெளிவந்த புதிய கலம் உண்மையிலேயே உறுதியானது. பல பத்தாண்டுகள் உழைத்தது.

இருப்பினும் காலம் காத்திருக்கவில்லை. 1908இல் ஃபோர்டு நிறுவனத்தின் மலிவான 'டி' மாதிரிக் கார் வந்துவிட்டது. 1912இல் பெட்ரோல் காருக்குக் கைப்பிடி சுற்றாமல் இயக்கும் மின்துவக்கி கிடைத்தது. மின்காரின் பெரும் வசதியாக இருந்தது பெட்ரோல் காருக்கும் வந்துசேர்ந்தது. எடிசனின் நல்ல மின்கலம் சரக்கு வண்டிகளிலும், ரயில்வே சைகைகளிலும், சுரங்க விளக்குகளிலும் வாழ்ந்தது. மின்கார்களின் முதல் யுகமோ மெல்ல முடிந்துபோயிற்று. பிழையை ஒப்புக்கொண்டு திருத்தியதால் எடிசனின் மின்கலம் பிழைத்தது; திருத்தத்துக்கு ஆன காலத்தில் சந்தை கைநழுவியது. அவசரத்துக்கும் தரத்துக்கும் இடையே உள்ள இந்த இழுபறி இன்றும் ஓயவில்லை.

கல்வராயன் மலை ஏறும் கணக்கு

மின்காரில் மோட்டார் எளிய பொருள். பெட்ரோல் எஞ்சினில் உள்ளதைப் போல எண்ணற்ற அசையும் உறுப்புகள் அதில் இல்லை. அப்படியிருக்கத் தொடக்ககாலப் பழுதுகள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் மின்கல அடுக்கிலிருந்தும், இணைப்புகளிலிருந்தும், மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவியிலிருந்தும் வருகின்றன. இதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம்.

ஆட்களையும் சேர்த்து 1,000 கிலோகிராம் எடையுள்ள சிறிய மின்கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மின்கல அடுக்கு 48 வோல்ட்டு. மூங்கில்துறைப்பட்டிலிருந்து சமதளச் சாலையில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் அது செல்கிறது. சக்கர உராய்வை வெல்ல ஏறக்குறைய 0.8 கிலோவாட் போதும். இதற்கு 17 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. இதே கார் இதே வேகத்தில் கல்வராயன் மலைச் சாலையில், 10 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றத்தில் ஏறுவதாகக் கொள்வோம். வண்டியைத் தூக்குவதற்கு மட்டும் மேலும் 5.4 கிலோவாட் வேண்டும். மொத்த மின்னோட்டம் ஏறத்தாழ 130 ஆம்பியர் ஆகிவிடுகிறது.

மின்னோட்டம் சற்றேறக்குறைய 8 மடங்குதானே என்று எண்ணிவிடக் கூடாது. கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்பது ஜூல் விதி. எனவே வெப்பம் ஏறத்தாழ 60 மடங்காகிறது. ஓர் இணைப்பின் திருகாணி சற்றே தளர்ந்திருக்கிறது என்று கொள்வோம். அங்கே நூறில் ஒரு பங்கு ஓம் தடை மட்டுமே இருந்தாலும், சமதளத்தில் 3 வாட் அளவுக்குத் தோன்றிய வெப்பம் மலை ஏற்றத்தில் 170 வாட் ஆகும். சாதாரண ஈயப்பற்றுக் கோலின் திறனைவிட இது பல மடங்கு. காப்புறை உருகும், இணைப்பு கருகும், வண்டி நடுவழியில் நின்றுவிடும். அந்தத் திருகாணியைத் தொழிற்சாலையில் அரைச்சுற்று கூடுதலாக முடுக்கியிருந்தால் இத்தனையும் நேராது.

இன்னொரு தொல்லை சங்கிலியைப் போன்றது. 48 வோல்ட்டு ஈய-அமில அடுக்கில் 24 கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்துள்ளன. அவற்றில் ஒன்று மட்டும் வலிமை குன்றியிருந்தால் அதுவே முதலில் தீரும். மற்ற 23 கலங்களும் அதன் வழியாகத் தொடர்ந்து மின்னோட்டத்தைத் தள்ளும்போது அக்கலம் எதிர்த்திசையில் மின்னேற்றம் பெற்று அடியோடு கெடும். ஆகவே மின்கல அடுக்கின் தரம் என்பது கலங்களின் சராசரித் தரமன்று. அவற்றுள் மிக மோசமானதன் தரமே ஆகும். கலங்களை ஒரே சீராகச் செய்யும் திறமை இல்லாத தொழிற்சாலை, வடிவமைப்பு எவ்வளவு சிறந்ததாயினும் நல்ல மின்காரைத் தர முடியாது.

'லவ்பேர்டு' முதல் 'ரேவா' வரை

இந்தியாவில் மின்காரை விற்பனைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒன்று 'எடி கரண்ட் கண்ட்ரோல்ஸ்' நிறுவனம். கேரளத்தின் சாலக்குடியிலும் நம் கோயம்புத்தூரிலும் அதன் தொழிற்கூடங்கள் இருந்தன. ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு அது செய்த 'லவ்பேர்டு' என்னும் இருவர் அமரும் சிறு கார் 1993ஆம் ஆண்டு டெல்லி வாகனக் கண்காட்சியில் காட்டப்பட்டது. ஈய-அமில மின்கல அடுக்கு. ஒரு மின்னேற்றத்துக்கு ஏறத்தாழ 60 கி.மீ. ஓட்டம், மின்னேற்ற ஓர் இரவு தேவை. செங்குத்தான ஏற்றங்களில் அது திணறியது. மேலே கண்ட கணக்கு ஏன் என்பதைச் சொல்லிவிடும். மின்வெட்டு அடிக்கடி நிகழ்ந்த அக்காலத்தில் மின்னேற்றமே ஒரு சிக்கல். மிகச் சில வண்டிகளே விற்றன. குறைகளைத் திருத்தி அடுத்த வடிவத்தைக் கொண்டுவரப் போதிய விற்பனை இல்லை. திருத்தாததால் விற்பனை பெருகவும் இல்லை. இந்தச் சுழலிலேயே லவ்பேர்டு மறைந்தது.

ரேவாவின் கதை சற்று வேறு. பெங்களூர் மைனி குழுமமும் அமெரிக்காவின் அமெரிகான் நிறுவனமும் 1994இல் கூட்டுச் சேர்ந்து இம்முயற்சியைத் தொடங்கின. முன்னின்று நடத்தியவர் சேத்தன் மைனி என்ற இளம் பொறியாளர். பல ஆண்டுச் சோதனைக்குப் பிறகு 2001இல்தான் கார் விற்பனைக்கு வந்தது. எஃகுச் சட்டத்தின்மேல் பிளாஸ்டிக் உடல். 6 வோல்ட்டு ஈய-அமில அடுக்குகள் 8. ஒரு மின்னேற்றத்துக்கு 80 கி.மீ. வரை ஓட்டம். மின்கல அடுக்கின் நிலையைக் கண்காணித்துப் பதிவு செய்யும் ஒரு சிறு கணினியும் வண்டியில் இருந்தது. நோயாளியின் படுக்கையருகே தொங்கும் வெப்பநிலை அட்டையைப் போல, பழுது எப்படி வந்தது என்பதை அந்தப் பதிவு பொறியாளருக்குக் கூறியது.

2004ஆம் ஆண்டு முதல் லண்டனில் இக்கார் 'ஜி-விஸ்' என்ற பெயரில் விற்றது. தேன்சிட்டுகள் மறைந்து நூறாண்டுக்குப் பின் இந்தியாவில் செய்த மின்கார் அதே தெருக்களில் ஓடியது நமக்குப் பெருமை தரும் செய்தியே. ஆனால் அங்கே புதிய குறைகள் தெரிந்தன. பெங்களூரின் இதமான வானிலைக்குப் பழகிய மின்கல அடுக்கு லண்டன் குளிரில் சுருண்டது. குளிரில் வேதிவினை மந்தமாகும். ஓட்டத் தொலைவு குறையும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழு அடுக்கையும் மாற்ற வேண்டியிருந்தது. அதன் விலை உரிமையாளர்களைத் திகைக்க வைத்தது.

இதைவிடப் பெரிய அடி 2007இல் விழுந்தது. ஐரோப்பியச் சட்டப்படி இக்கார் 'நான்கு சக்கரச் சிறுவண்டி' என்ற வகையில் சேர்ந்தது. அவ்வகைக்கு மோதல் சோதனை கட்டாயமில்லை. ஆங்கில வாகன இதழொன்று தானே ஏற்பாடு செய்து, மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் இக்காரை மோதவைத்துப் பார்த்தது. உள்ளே இருப்பவர் உயிருக்கே ஆபத்து என்பது தெளிவாயிற்று. சட்டம் கேட்கவில்லை என்பதால் ஒரு சோதனையை விட்டுவிட்டால், அதை வேறு யாரேனும் ஊரறியச் செய்துவிடுவார்கள் என்ற பாடம் அன்று கிடைத்தது.

நிறுவனம் ஒதுங்கிவிடவில்லை. மாறுதிசை மின்மோட்டாரும், மேம்பட்ட தடைகளும், வலுவான முன்பகுதியும் கொண்ட புதிய வடிவம் வந்தது. 2009இல் லித்தியம் அடுக்கும் பொருத்தப்பட்டது. 2010இல் மகிந்திரா நிறுவனம் இதன் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. 2013இல் 'இ2ஓ' என்ற அடுத்த கார் வெளிவந்தது. ரேவா பெரும் வணிக வெற்றி என்று கூற முடியாது. உலகெங்கும் சில ஆயிரம் வண்டிகளே விற்றன. ஆயினும் ஒவ்வொரு குறையும் அடுத்த வடிவத்தில் ஒரு திருத்தமாக மாறியது. லவ்பேர்டுக்குக் கிட்டாத வாய்ப்பு இது.

வெப்பமும் லித்தியமும்

லித்தியம் அயனி மின்கலம் வந்ததும் எடைத் தொல்லை பெரிதும் தீர்ந்தது. அதே எடையில் ஈயத்தைவிடப் பல மடங்கு ஆற்றலை அது சேமிக்கும். ஆனால் அதிக ஆற்றல் சிறிய இடத்தில் அடைபட்டிருப்பதாலேயே அதன் குறைகளும் கடுமையானவை.

முதற்குறை வெப்பத்தால் மூப்படைவது. நிசான் நிறுவனத்தின் 'லீஃப்' கார் 2010இன் இறுதியில் வெளிவந்தது. அதன் மின்கல அடுக்குக்குத் தனிக் குளிரூட்டி இல்லை. ஜப்பானில் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. 2012ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனப் பகுதியில் ஓடிய வண்டிகள் எதிர்பார்த்ததைவிட விரைவாக மின்கொள்திறனை இழந்தன. உரிமையாளர்கள் போராடிய பின், மின்கொள்திறன் குறைந்தால் சரிசெய்து தருவதாக நிறுவனம் உத்தரவாதம் அளித்தது. பின்னர் வெப்பத்தைத் தாங்கும் புதிய அடுக்கையும் கொண்டுவந்தது. சித்திரை வெயிலில் தகிக்கும் நம் மாவட்டங்களுக்கு இது வேற்றூர்க் கதையன்று.

இரண்டாவது குறை தீ. லித்தியம் கலத்தினுள் நேர்மின்வாய்க்கும் எதிர்மின்வாய்க்கும் இடையே தலைமுடியைவிட மெல்லிய பிரிப்பான் படலம் ஒன்று உள்ளது. அது கிழிந்தாலோ மடங்கினாலோ இரண்டும் தொட்டு வெப்பம் பிறக்கும். வெப்பம் வேதிவினையைத் தூண்டும்; வினை மேலும் வெப்பத்தைத் தரும். இவ்வாறு தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் வெப்பப் பெருக்கு பக்கத்துக் கலத்துக்கும் பரவும். அமெரிக்காவின் செவர்லே 'போல்ட்' கார்கள் சில தீப்பற்றியபோது ஆராய்ந்தார்கள். ஒரே கலத்தில் எதிர்மின்வாயின் இணைப்பு நாக்கு கிழிந்திருப்பதும், பிரிப்பான் மடிந்திருப்பதும் சேர்ந்து நிகழ்ந்தால் ஆபத்து என்று தெரிந்தது. மிக அரிதான இந்த உற்பத்திப் பிழைக்காக 2021இல் அந்த வகைக் கார்கள் அனைத்தும், ஏறத்தாழ 1.4 இலட்சம், திரும்ப அழைக்கப்பட்டன. எடிசன் தம் சேமக்கலங்களைத் திரும்பப் பெற்ற 1904ஆம் ஆண்டை இது நினைவூட்டுகிறது.

2022ஆம் ஆண்டுக் கோடை

நம் நாட்டில் மக்கள் கைக்கு முதலில் பெருமளவில் வந்த மின்வண்டி காரன்று, ஸ்கூட்டரே. பெட்ரோல் விலை உயர்வும் அரசு மானியமும் சேர்ந்து 2021இல் விற்பனையை விரைவுபடுத்தின. பல நிறுவனங்கள் ஒரே நேரத்தில் களத்தில் இறங்கின. அடுத்த கோடையிலேயே விளைவு தெரிந்தது.

2022 மார்ச் 25ஆம் நாள் இரவு, வேலூரில் ஒரு வீட்டில் மின்னேற்றத்தில் இருந்த ஸ்கூட்டர் தீப்பற்றியது. புகையில் சிக்கித் தந்தையும் அவருடைய பள்ளிவயது மகளும் இறந்தனர். மறுநாள் புனேயில் சாலையோரம் நின்றிருந்த ஓலா நிறுவனத்தின் ஸ்கூட்டர் ஒன்று எரிந்த படக்காட்சி நாடெங்கும் பரவியது. தொடர்ந்து வேறு பல இடங்களிலும் தீ நிகழ்ச்சிகள் நேர்ந்தன. ஏப்ரல் மாதத்தில் ஓலா 1,441 வண்டிகளையும், ஒகினாவா 3,215 வண்டிகளையும், பியூர் இ.வி. 2,000 வண்டிகளையும் சோதனைக்காகத் திரும்ப அழைத்தன. மத்திய அரசு பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் தீயியல் ஆய்வு மையத்தைக் காரணம் கண்டறியப் பணித்தது. மின்கல அடுக்கின் வடிவமைப்பிலும், அதைக் காக்க வேண்டிய மின்னணு அமைப்பிலும் குறைகள் இருந்ததாகச் செய்திகள் வெளியாயின.

தீ மட்டுமே குறையன்று. ஓலா ஸ்கூட்டர்கள் சிலவற்றில் முன்சக்கரத்தைத் தாங்கும் கவை முறிந்ததாகப் புகார்கள் எழுந்தன. 2023 மார்ச்சில் அந்நிறுவனம் அதைக் கட்டணமின்றி மாற்றித் தருவதாக அறிவித்தது. தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் ஓராண்டில் அந்நிறுவனத்தின்மீது குவிந்த 10,644 புகார்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் விளக்கம் கேட்டது. அவற்றுள் 99.1 விழுக்காடு தீர்க்கப்பட்டுவிட்டன என்று நிறுவனம் பதில் கூறியது.

வேலூரில் போன உயிர்கள் திரும்பவில்லை. ஆனால் சட்டம் மாறியது. இருசக்கர வண்டிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156, கார்களுக்கான ஏ.ஐ.எஸ். 038 ஆகிய தரக் கட்டளைகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தன. ஒரு கலம் பழுதடைந்தால் தீ பரவுகிறதா என்ற சோதனை, மின்கல அடுக்குக்கு நீர் புகாக் காப்பு, வெப்பநிலை உணர்விகள் ஆகியவை கட்டாயமாயின. வண்டி விற்பனைக்கு வருமுன்பே வேண்டியிருந்த விதிகள், தீக்குப் பின்னர்தான் வந்தன.

குளியல் தொட்டி வளைவு

எந்தப் பொறியின் பழுதுகளையும் கால வரிசையில் வரைபடமாக வரைந்தால் அது குளியல் தொட்டியின் வடிவில் அமையும் என்று நம்பகத்தன்மைப் பொறியியல் கூறுகிறது. தொடக்கத்தில் பழுது அதிகம். அவை உற்பத்திப் பிழைகளால் வருபவை. நடுவில் நீண்ட காலம் குறைவு. இறுதியில் தேய்மானத்தால் மீண்டும் உயர்வு. தொட்டியின் முதற்சுவரை யார் ஏறிக் கடப்பது என்பதே கேள்வி. தொழிற்சாலை கடக்கலாம், அல்லது வாங்கியவர் கடக்கலாம்.

நல்ல மின்கலத் தொழிற்சாலைகள் புதிய லித்தியம் கலங்களை உடனே அனுப்புவதில்லை. மின்னேற்றிப் பல நாட்கள் கிடங்கில் வைத்து, தானாக மின்னழுத்தம் இறங்கும் கலங்களைக் கண்டு கழித்துவிடுகின்றன. இது மின்கலத்துக்கு இளஞ்சூடு ஏற்றுவது போலத்தான். இதற்கு இடமும் நாளும் பணமும் செலவாகும். விற்பனைப் போட்டியில் முதலில் வெட்டப்படும் செலவும் இதுவே.

பெருநகரத்தில் வாங்கியவருக்கு வண்டி நின்றால் பழுதுபார்க்கும் நிலையம் சில தெருக்கள் தள்ளி இருக்கும். மூங்கில்துறைப்பட்டு போன்ற ஊரில் வாங்கியவர் வண்டியைச் சரக்கு வாகனத்தில் ஏற்றி மாவட்டத் தலைநகருக்கோ அதற்கு அப்பாலோ கொண்டுசெல்ல நேரலாம். பெட்ரோல் வண்டியைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்யும் நம் ஊர் மெக்கானிக்கிடம் திறமை உண்டு. பூட்டிய மின்கல அடுக்கையும் மென்பொருளையும் திறக்கும் கருவி அவரிடம் இல்லை. தொடக்ககாலக் குறையின் சுமை சிற்றூரார்மீது இரட்டிப்பாக விழுகிறது.

எனவே வாங்குமுன் சில வினாக்களைத் தயங்காமல் கேட்க வேண்டும். இந்த மாதிரி சந்தைக்கு வந்து எத்தனை கோடையும் மழையும் கண்டிருக்கிறது? மின்கொள்திறன் எவ்வளவு குறைந்தால் உத்தரவாதம் உண்டு? அருகிலுள்ள பழுதுபார்ப்பு நிலையம் எங்கே? ஏற்றத்தில் முழுச் சுமையோடு ஓட்டிக் காட்டுவார்களா? வாங்கிய பின் செய்ய வேண்டியவையும் சில உண்டு. நிறுவனம் தந்த மின்னேற்றியையே பயன்படுத்துக. நெடுந்தூரம் ஓடிச் சூடான வண்டியை ஆறவிட்டு மின்னேற்றுக. உறங்கும் அறையிலோ வீட்டின் ஒரே வாசலை அடைத்தோ வைத்து இரவில் மின்னேற்றாதீர்கள். வெள்ளநீரில் மூழ்கிய வண்டியைச் சோதிக்காமல் இயக்காதீர்கள்.

மின்வண்டியை வெறுப்பதற்கு இவ்வரலாறு காரணமாகாது. புகையற்ற, ஓசை குறைந்த, எரிபொருட்செலவு சிக்கனமான வண்டி நமக்கு வேண்டியதே. 1897இன் தேன்சிட்டைவிட இன்றைய மின்கார் எத்தனையோ மடங்கு நம்பகமானது. அந்த நம்பகம் ஒவ்வொரு பழுதையும் மறைக்காமல் எடுத்துத் திருத்தியவர்களால் வந்தது. தேரில் சுவாமியை ஏற்றுமுன் வெறுந்தேரை இழுத்துப் பார்த்த நம் முன்னோரின் பொறுமை தொழிற்சாலைகளுக்கும், அவற்றுக்கு அனுமதி தரும் அரசுக்கும் வேண்டும். வெள்ளோட்டம் முடிந்த வண்டியே விற்பனைக்கு வர வேண்டும் என்று கேட்கும் உரிமை, தென்பெண்ணைக் கரையில் கரும்புப் பணத்தைச் சேர்த்துவைத்து வண்டி வாங்குபவருக்கும் உண்டு.